நாற்பத்தேழாவது குறை

கோடு நேராக இருந்தது. ஒரு வாரமாக வலது முனையை இறக்கி வைத்துக்கொண்டு அவளைப் படாத பாடு படுத்திய கோடு, இன்றைக்குக் காலை பத்தே முக்காலுக்கு, தான் எந்தத் தப்பும் செய்ததே இல்லை என்ற முகத்தோடு நேராக நின்றது. மேலே நீலம், கீழே பழுப்பு, நடுவில் வெள்ளைக் கோடு. அடிவானக் கருவி என்று அதற்குப் பெயர். மேகத்துக்குள் போய்விட்ட விமானத்துக்கு வானம் எது, தரை எது என்று சொல்லும் வட்டம். அமலோற்பவம் விமானத்தைச் சாய்க்கும் ஸ்டிக்கிலிருந்து விரல்களை மெல்ல எடுத்துப் பார்த்தாள். கோடு அசையவில்லை. பக்கத்தில் காம்பஸ் இருநூற்றெழுபதில், மேற்கைப் பார்த்தபடி நின்றது. உயரம் நாலாயிரத்து ஐந்நூறு அடி. வெளியே, அதாவது வெளியே என்று திரை காட்டிய இடத்தில், வெறும் சாம்பல் நிற மேகம். நிஜமான வெளியே சரவணம்பட்டி. இரண்டாவது மாடியில் கறுப்புத் திரை போட்டு இருட்டாக்கிய இந்த அறைக்குக் கீழே ஒரு பேக்கரி. நாலாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் தேங்காய் பன் வாசனை வருகிற ஒரே விமானம் உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும். அதைக்கூட அவள் தன் நோட்டில் ஒரு குறையாக எழுதியிருந்தாள், பன்னிரண்டாவது குறை. அதைப் படித்துவிட்டு, குறைகளைக் கம்ப்யூட்டரில் சரிசெய்கிற கோகிலவாணி சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

அறுபத்தொரு குறைகள். இரண்டு மாதத்தில் அவள் எழுதியவை. பதினான்கு வருஷம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த வாத்தியாரம்மாவைச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்து, இந்த சிமுலேட்டர் நிஜ விமானம் மாதிரி இருக்கிறதா என்று கேட்டால் அவள் சும்மா இருப்பாளா? ஓடுபாதையில் நின்றுகொண்டிருக்கும் விமானம் நாற்பது மைல் வேகத்தில் போவதாகக் காட்டுகிறது, சரி செய்யவும். தரையிறங்கி எஞ்சினை அணைத்த பிறகும் விழப்போகிறாய் விழப்போகிறாய் என்று அபாய ஹாரன் அலறுகிறது, நிறுத்தவும். பாலக்காட்டுப் பக்கம் சூரியன் உதிக்கிறது, அதை எங்கே வைக்கவேண்டுமோ அங்கே வைக்கவும். இவையெல்லாம் சுலபம். கோகிலவாணி உட்கார்ந்தாள், தட்டினாள், முடித்தாள். கஷ்டம் வேறு மாதிரி இடத்தில் வந்தது. பெட்ரோல் முள் கச்சிதமாக நிற்கிறது, அப்படி நிற்கக்கூடாது என்று அமலா எழுதினாள். சரியா இருந்தா அதுவும் குத்தமாக்கா என்று கோகிலவாணி கேட்டாள். குத்தந்தான். நிஜ விமானத்தில் அந்த முள் நடுங்கிக்கொண்டே இருக்கும், ஒரு தடவையும் உண்மையைச் சொல்லாது, அதனால்தான் பறக்கப்போகிறவன் மேலே ஏறி மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்க்கிறான். காம்பஸும் அப்படித்தான். திரும்பும்போது நிஜ காம்பஸ் பின்தங்கும், முந்தும், எதிர்ப்பக்கம்கூடக் கொஞ்சம் போய்விட்டு வரும், குடித்தவன் வீட்டுக்கு வருகிற மாதிரி ஒருவழியாக வந்து சேரும். இங்கே அது ஒழுங்காகத் திரும்பியது. பொய்யே சொல்லாத காம்பஸ் எப்படி நிஜமாகும்? அந்தப் பொய்யை அளவாக, முறையாக உள்ளே வைக்க கோகிலவாணிக்கு ஒன்பது நாள் ஆனது. எத்தனை டிகிரி பொய் என்று ஒவ்வொரு திசைக்கும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். அமலாவுக்கு அந்த ஒன்பது நாளும் திருவிழா. எது எவ்வளவு தப்பாக இருந்தால் சரி என்று யோசிக்கிற வேலை இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு நாற்பத்தேழு. போன வியாழக்கிழமை மேகப் பறத்தல் சோதனையை ஆரம்பித்தபோது, இருட்டில், திரையில் கருவிகள் மட்டும் ஒளிர, கோடு வலப்பக்கம் சாய்ந்து நின்றது. இரண்டு டிகிரி இருக்கும். அவள் முதலில் செய்தது வாத்தியார் செய்கிற வேலை. விமானம் நிஜமாகவே சாய்ந்திருந்தால் அது திரும்பும், திரும்பினால் காம்பஸ் நகரும். காம்பஸ் நகரவில்லை. ஆக விமானம் நேராக இருக்கிறது, கோடுதான் சாய்ந்திருக்கிறது. அழகான நிரூபணம், கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். எழுதினாள், நாற்பத்தேழு என்று எண் போட்டாள். மறுநாள் கோகிலவாணி வந்து, லாக்ல எல்லாம் ஜீரோன்னுதானுங்க்கா இருக்குது, கோடு நேராத்தான் இருக்குது என்றாள். லாக் என்பது விமானத்தின் கணக்கு, வரைந்த கோட்டின் கணக்கு இல்லையே, வரையும் இடத்தில் பிசகியிருக்கும் என்று அமலா அடித்துச் சொன்னாள். அடித்துச் சொன்ன அந்தக் குரலை அன்று ராத்திரி பஸ்ஸில் அவளே திரும்பக் கேட்டுப் பார்த்தாள். வெறும் வாத்தியார் குரல் இல்லை அது. பயந்தவள் குரல். ஏனென்றால் கோடு சாய்ந்து தெரிய இன்னொரு காரணமும் இருக்க முடியும், அது இந்த ஆபீஸில் யாருக்கும் தெரியாது, அது அவளுடைய இடது காதுக்குள் இருந்தது.

இப்போது அதை நினைக்க வேண்டாம். நேராகிவிட்டதே. நேற்று சாயங்காலம் கோகிலவாணி அனுப்பிய பட்டியலில் நாற்பத்தேழுக்கு எதிரே சரிசெய்யப்பட்டது என்று இருந்தது, இன்றைக்குக் கண்ணெதிரே நேராக நிற்கிறது. மென்பொருளில்தான் பிசகு, காதில் இல்லை. அவள் விமானத்தை இடப்பக்கம் சாய்த்து ஒரு முழு வட்டம் அடித்தாள். தெற்கு, கிழக்கு, வடக்கு. காம்பஸ் வாக்குக் கொடுத்தபடி பொய் சொல்லிக்கொண்டே கூட வந்தது. மறுபடி மேற்கு. நேராக்கினாள். கோடு பளிச்சென்று நேராக. சிரிப்பு வந்தது அவளுக்கு. ஒரு வாரமாக இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கப் பயந்திருக்கிறாள், குழம்பில் உப்பைக் குறைத்து ஊரிலிருந்து வந்திருந்த அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள், பனிமய மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். தாயே, இது கம்ப்யூட்டர் கோளாறாவே இருக்கட்டும், என் காதா இருக்கக் கூடாது, அம்பத்தி மூணு மணி செபமாலையை அந்த இடத்திலேயே உட்கார்ந்து சொல்றேன். கம்ப்யூட்டர் கோளாறு வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்ட முதல் பெண்பிள்ளை அவளாகத்தான் இருப்பாள்.

மேஜையில் படிவம் இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். திங்கட்கிழமை ஒரு பறத்தல் பள்ளியிலிருந்து பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள். மேகத்துக்குள் கருவியை மட்டும் நம்பி ஓட்டுவதை முதன்முதலாக இதில்தான் பழகப்போகிறார்கள். கருவிகள் நிஜ விமானத்தை ஒத்திருப்பதாக நான் சோதித்து அறிந்தேன், அதற்குக் கீழே அவள் பெயர். அந்தப் பதினோரு பேரை அவள் பார்த்ததில்லை, ஆனாலும் தெரியும். ஒருத்தன் ஸ்டிக்கைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிப்பான். ஒருத்தி எல்லாம் சரியாகச் செய்துவிட்டு ஸாரி மேடம் என்பாள். எல்லோரிடமும் அவள் ஒரே வாக்கியத்தைப் பதினான்கு வருஷமாகச் சொல்லியிருக்கிறாள். மேகத்துக்குள்ள உடம்பு சொல்றதக் கேக்காத, உடம்பு பொய் சொல்லும், கருவி சொல்றதக் கேளு. சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போன வாக்கியம். ஷாகுல் ஹமீதுக்கும் அதைத்தான் சொன்னாள்.

ஷாகுல். ஐயோ, அந்தப் பையன். மூன்று வருஷத்துக்கு முந்தி, மார்கழி மாதம், இறங்க ஆறு மைல் இருக்கும்போது அவள் இடது காதில் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. தூத்துக்குடிக்காரிக்குக் கடல் சத்தம் புதிதா என்ன என்று நினைத்த மறுகணம் உலகம் சுழன்றது. கருவிகள் எல்லாம் மேலே போய்க்கொண்டே இருந்தன, போய்ச் சேராமல் போய்க்கொண்டே. வாயைத் திறந்தால் வாந்தி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வாத்தியாரம்மா பரீட்சை வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவன் தானாகவே விமானத்தை இறக்கினான். அருமையாக இறக்கினான். என்ன மேடம், ஒரு வார்த்தகூட பேசல, அதான் கொஞ்சம் பயமா இருந்துச்சு என்று சிரித்தான். சாயங்காலம் லட்டு வாங்கி வந்தான். அவள் ஒன்று தின்றாள், பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். இன்றைக்கு அவன் பெரிய விமானம் ஓட்டுகிறான், கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் செய்தி அனுப்புகிறான், அன்னைக்கு நீங்க என்னை நம்பினீங்க மேடம், அதுதான் எனக்கு எல்லாம். அவள் ஒவ்வொரு வருஷமும் கைகூப்பிய படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பாள். உண்மையைச் சொன்னால் அவனுக்கு என்ன மிஞ்சும், அவளுக்குத்தான் என்ன மிஞ்சும்?

டாக்டர் இருட்டறையில் உட்காரவைத்து ஒரு வெளிச்சக் கோட்டைக் காட்டினார். இதை நேராக நிறுத்துங்கள் என்று ஒரு குமிழைக் கையில் கொடுத்தார். நிறுத்தினாள், இதைவிட நேராக யாரால் நிறுத்த முடியும் என்ற கர்வத்தோடு. விளக்கைப் போட்டார். கோடு கோணலாக நின்றது. எது நேர் என்று உடம்புக்குச் சொல்லும் உள்காதில் நீர் கோத்துக்கொள்கிறது, வரும் போகும், வெளிச்சத்தில் கண் சமாளித்துக்கொள்ளும், இருட்டில் சமாளிக்காது என்றார். உப்பைக் குறைக்கவேண்டும், விமானம் ஓட்டக்கூடாது. அதோடு முடிந்தது. இங்கே வேலைக்கு வரும்போது அவள் இதைச் சொல்லவில்லை. ஏன் பறக்கறத விட்டுட்டீங்க என்று கோகிலவாணி கேட்டதற்கு, வயசாயிட்டும்மா, போதும்னு ஆயிட்டு என்றாள். நாற்பத்து நாலு வயது. பொய்தான். ஆனால் இந்த வேலையும் இல்லையென்றால், கருவிகளோடு பேசிக்கொண்டு உட்கார வேறு இடம் அவளுக்கு எங்கே இருக்கிறது? காது கெட்டவளிடம் யார் கோடு நேரா என்று கேட்பார்கள்? கேட்கமாட்டார்கள். நியாயம்தான்.

போதும். கோடு நேராக இருக்கிறது. அவள் விமானத்தைத் தானே பறக்கும்படி விட்டுவிட்டுக் கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தாள். கறுப்பு மணி, அம்மா கொடுத்தது, பறந்த காலமெல்லாம் கருவிப் பலகையின் மேல் குமிழில் தொங்கியது. ஒரு பரிசோதகர் அதைப் பார்த்து, இதுவும் ஒரு கருவியா கேப்டன் என்று கிண்டலாகக் கேட்டார். ஆமாம் சார், சில விஷயத்துல நல்ல கருவி, சில விஷயத்துல மோசமான கருவி என்று அவள் சொன்னாள். நிஜமாகவே அதை வைத்துப் பாடம் எடுத்திருக்கிறாள். ஒழுங்காகத் திரும்பும் விமானத்தில் செபமாலை விமானத்தின் தரையை நோக்கியேதான் தொங்கும், பூமி எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது, அதனால் மேகத்துக்குள் அதை நம்பாதே. இங்கேயும் திரைக்கு மேலே ஒரு குமிழ் இருந்தது. பழக்க தோஷம், கை தானாகப் போய் அதில் மாட்டியது. சிலுவை சரியாக அடிவானக் கருவியின் முன்னால் வந்து நின்றது. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றாள்.

செபமாலை கோணலாகத் தொங்கியது.

ஆடுகிறது போலிருக்கிறது என்று விரலால் பிடித்து நிறுத்தினாள். விட்டாள். சிலுவை கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியே நின்றது. ஏசிக் காற்று. எழுந்துபோய் ஏசியை அணைத்தாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்த்தாள். ஒதுங்கியே நின்றது. மணிகள் குமிழில் சிக்கியிருக்கும். கழற்றி, உதறி, திரும்ப மாட்டினாள். அப்படியே. சரி, குமிழே சாய்வாகப் பதிந்திருக்கும் என்று நினைத்தவள் தன்னையே ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். குமிழ் எப்படிச் சாய்ந்திருந்தால் என்ன, கீழே தொங்குகிற பாரத்துக்கு அதைப்பற்றி என்ன கவலை? இது ஆகாயம் இல்லை, சரவணம்பட்டி. இந்த அறை திரும்பவில்லை, ஏறவில்லை, இறங்கவில்லை. இங்கே செபமாலைக்குப் பூமி எந்தப் பக்கம் என்று நன்றாகத் தெரியும். இந்த அறையில் யாரும் எழுதி உள்ளே வைக்காத ஒரே கருவி அதுதான், அது கோணலாகத் தெரிகிறது. கோடோ நேராகத் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய செங்கோணம் இல்லை. மெல்ல, ஒரு கணக்கு தானாகவே தன்னைப் போட்டுக்கொள்வதை அவள் வேடிக்கை பார்த்தாள். எனக்கு நேராகத் தெரிகிற கோடு நேரில்லை. நேராகத் தொங்குகிற மாலை எனக்குக் கோணல். அப்படியென்றால் போன வாரம் சாய்ந்து தெரிந்த கோடு? அது நேராக இருந்தது. லாக் சொன்னது சரி. அந்தப் பிள்ளை சொன்னது சரி. அப்படியானால் இன்றைக்கு இந்தக் கோட்டைச் சாய்த்தது யார்? பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு முதலில் இந்தக் கேள்விதான் வந்தது. பயம் அப்புறம்தான் வந்தது.

"கோகிலா," என்று கூப்பிட்டாள். "கோகிலா, கொஞ்சம் இங்க வாம்மா."

கோகிலவாணி பாதி பன்னைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். "என்னுங்க்கா, கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"நாப்பத்தேழ எப்பிடிச் சரிபண்ணின?"

அவள் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். "திட்டக்கூடாதுங்க."

"திட்டல. சொல்லு."

"நாலு நாளு தேடுனனுங்க. காரணமே சிக்கலைங்க. வரையற எடம், கணக்குப் போடற எடம், எல்லாம் சுத்தமா இருக்குது. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் கண்டுபுடிக்கத் தெரியலைன்னுட்டு, கடைசீல கோட்டையே இடப்பக்கம் ரெண்டு டிகிரி திருப்பி வெச்சுட்டனுங்க."

"வச்சிட்டுப் பாத்தியா? ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"எனக்குச் சாஞ்சாப்பலதானுங்க தெரிஞ்சுது," என்றாள் கோகிலவாணி, வெட்கத்தோடு. "பறக்கறவங்களுக்கு இப்படித்தான் தெரியோணும் போலன்னு நெனச்சுக்கிட்டன். காம்பஸு பொய் சொல்லோணும், முள்ளு நடுங்கோணும்னு சொன்னீங்களே, அந்த மாதிரி இதுவும் ஒண்ணாக்கும்னு."

அமலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விடவில்லை. தப்புகளின் அருமையை இந்தப் பெண்ணுக்கு இரண்டு மாதம் பாடம் எடுத்தது யார்? அவள்தான். நேரான கோட்டை அமலா சொன்ன ஒரு சொல்லுக்காக இந்தப் பெண் சாய்த்து வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை ஸ்டிக்கைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கப்போகிறவன், ஸாரி மேடம் சொல்லப்போகிறவள், இவர்கள் எல்லோருடைய காதும் நல்ல காது. சாய்ந்த கோட்டைப் பார்த்து நேராக்குவார்கள், நேராக்கினால் விமானம் சாயும், சாய்ந்தால் நிமிஷத்துக்கு இருபது இருபத்தைந்து டிகிரி சத்தமில்லாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்குள் போகவேண்டியவன் மலைக்கு முகம் கொடுத்துக்கொண்டிருப்பான். இங்கே மலையில் மோதினால் திரைதான் கறுக்கும், வாஸ்தவம். ஆனால் கருவியை நம்பக்கூடாது என்பதையல்லவா முதல் நாளே கற்றுக்கொண்டு போவான்? அந்தப் பாடத்தோடு ஒருநாள் நிஜ மேகத்துக்குள் போவான். அதற்குக் கீழே அவள் கையெழுத்து இருக்கும். போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. ஷாகுலுக்குத் தெரியாத மாதிரி. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், மற்றவர்கள் அதற்கு ஒரு நல்ல அர்த்தம் கண்டுபிடித்துக்கொள்வார்கள். இந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவளை உலுக்கியது.

"இந்த மாலையப் பாரு கோகிலா. இது நேராத் தொங்குதா?"

"நேராத்தானுங்க தொங்குது."

"கோடு?"

"அது... இடப்பக்கம் சாஞ்சுதானுங்க இருக்குது."

"எனக்குக் கோடு நேரா இருக்கு. மால சாஞ்சிருக்கு." சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு மிச்சம் தானாக வந்தது. "எனக்கு இடது காதுல கோளாறு இருக்கும்மா. மூணு வருசமா. அதனாலதான் பறக்கவிடல. வயசாயிட்டுன்னு ஒங்கிட்ட சொன்னது பொய். கோட்டுல ஒண்ணுமில்ல. சாஞ்சது நாந்தான்."

கோகிலவாணி பன்னை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பிறகு படிவத்தின் மேலேயே வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தலையை மெல்ல ஒரு பக்கம் சாய்த்துத் திரையைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். "இவ்ளோதானுங்களா?" என்று கேட்டாள்.

"அவ்வளவுதான்னு நெனைக்கேன். எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் அமலா, சிரித்துவிட்டாள்.

"மேல சொல்லோணுங்களா?"

"நானே போய்ச் சொல்லுதேன். அவங்க என்னை வச்சுக்கிறதும் அனுப்புறதும் அப்புறம். இப்ப நீ போட்ட ரெண்டு டிகிரிய எடு."

கோகிலவாணி விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு தட்டினாள். ஒரு நிமிஷம் திரை இருண்டது, பிறகு ஒவ்வொரு கருவியாக ஒளிர்ந்து வந்தது. நாலாயிரத்து ஐந்நூறு அடி. இருநூற்றெழுபது. நடுங்குகிற பெட்ரோல் முள். நீலம், பழுப்பு, நடுவில் கோடு. வலது முனை இறங்கியிருந்தது. அமலாவின் கை தன்னையறியாமல் ஸ்டிக்கைத் தொட்டு வலப்பக்கம் தள்ளப்போனது, பதினான்கு வருஷத்துக் கை. அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முன்னால் மாலை தொங்கியது. கோடு எவ்வளவு சாய்ந்திருந்ததோ மாலையும் அவ்வளவு சாய்ந்திருந்தது. அவள் உடம்பு முழுவதும், கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்து இது சாய்கிறது சாய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஆச்சரியத்தோடு, ஒரு மாணவியின் சாக்குப்போக்கைக் கேட்பது போல. இவ்வளவு உறுதியாகவா பொய் சொல்லும்?

"இப்ப எப்படிங்க்கா இருக்குது?" என்றாள் கோகிலவாணி.

அமலோற்பவம் பேனாவை எடுத்து, நோட்டில் நாற்பத்தேழை அடித்தாள். மறுபடி ஒருமுறை சாய்ந்த கோட்டைப் பார்த்தாள்.

"நேரா இருக்கு," என்றாள்.